தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களித்தல்: தருமபுரியிலிருந்து ஒரு மதிப்புரை

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும் ஊர் வரலாற்றை எழுதி வைக்க ஓரிடம் தேடினேன். முதலில் சேர்ந்தது ஒரு வாட்ஸ்அப் குழு, பெயர் வேண்டாம். அங்கே பதினேழு விதிகள் இருந்தன. பதினேழும் ‘கூடாது’ என்றே முடிந்தன. அடுத்தவர் எதை மீறுகிறார் என்று பார்ப்பதே எல்லோருக்கும் வேலையாகிவிட, நான்கு மாதத்தில் குழு இரண்டாக உடைந்தது. அதன் பிறகே தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கினேன். 2003 முதல் தன்னார்வலர்கள் எழுதிவரும் அக்கட்டுரைகளின் தரத்தை நான் இங்கே எடைபோடவில்லை. அங்கே உழைக்கப் போகிறவருக்கு அது எப்படிப்பட்ட இடம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சண்டைக்கு அங்கே வசதி அதிகம். யார் எழுதியதையும் யாரும் மாற்றலாம். பழைய வடிவங்கள் அனைத்தும் வரலாற்றுப் பக்கத்தில் இருப்பதால், அரைமணி நேர உழைப்பை ஒரே சொடுக்கில் மீளமைத்துவிடலாம். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா மறைந்த பாப்பாரப்பட்டி, சேலம் மாவட்டம் என்றிருந்ததை நான் தருமபுரி மாவட்டம் என்று மாற்றினேன். மறுநாள் வேறொருவர் அதை மீண்டும் சேலமாக்கியிருந்தார். ‘எங்கள் ஊர் எங்களுக்குத் தெரியாதா?’ என்று, மாற்றத்தின் காரணத்தைக் குறிக்கும் தொகுப்புச் சுருக்கத்தில் எழுதி, மறுபடி மாற்றினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எச்சரிக்கை வரும் என்று காத்திருந்தேன். பங்களிப்பவர்கள் கலந்து பேசும் பேச்சுப் பக்கத்தில் அவரிடமிருந்து வந்ததோ வேறு: “ஐயா, வணக்கம். அப்பகுதியை நன்கு அறிந்தவர் தாங்கள் என்று தெரிகிறது. சிவா மறைந்தது 1925இல். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். படிப்பவருக்கு இரண்டும் விளங்கும்படி அந்த வரியைத் தாங்களே சான்றுடன் எழுதித் தர இயலுமா?” என் பிழை அதில் மறைக்கப்படவில்லை. கண்டித்திருந்தால் வாதாடியிருப்பேன், பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டதால் நூலகத்துக்குப் போனேன். ‘அன்றைய சேலம் மாவட்டம், இன்றைய தருமபுரி மாவட்டம்’ என்று நான் எழுதிய வரியை அதன் பின் இருவரும் தொடவில்லை.

இது அந்த ஒருவருடைய நற்குணம் மட்டும் என்று நினைத்திருந்தேன். எதிரே இருப்பவர் நல்லெண்ணத்துடன்தான் எழுதுகிறார் என்று கொண்டே பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் பழைய நெறி என்பது பிறகுதான் தெரிந்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட பொது நடத்தை நெறியும், எதிர்பார்க்கப்படும் நடத்தையை முதலில் விரித்துரைத்து, விலக்க வேண்டியவற்றை அதன் பின்னரே வைக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தை 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்ற விதி உண்டு. மூன்று முறை என்பது உரிமையன்று என்றும் அங்கே தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ் எல்லையை மட்டும் காட்டினால் மனிதர்கள் அந்த எல்லை வரை போய் நின்றுகொள்வார்கள் என்பதை முப்பது ஆண்டு வகுப்பறையிலும் பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. இம்முறைக்குப் பொறுமையாக எழுதும் ஆள் வேண்டும். அந்த மறுமொழி எழுத அவருக்குக் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். வேண்டுமென்றே பக்கத்தைச் சிதைப்பவரிடம் இது எடுபடாது. நிருவாகி தடை செய்வதே வழி. கைபேசியில் பேச்சுப் பக்கத்தில் நீளமாக எழுதுவது என் போன்ற வயதினருக்குச் சற்றுச் சிரமம்.

சான்று கேட்கும் எதிர்பார்ப்பு எங்கள் பக்கத்து நடுகற்களில் வந்து முட்டுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிச் சிற்றூர்களில் வேடியப்பன் என்று வணங்கப்படும் அக்கற்களைப் பற்றி முதியவர்கள் வாய்மொழியாகச் சொல்வது, எங்கும் அச்சேறாதவரை, கட்டுரையில் ஏறாது. புதியவருக்கும் பழையவருக்கும் அளவுகோல் ஒன்றே என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தக் கதைகளை இப்போதைக்குத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். இதுவரை நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது.