போஞ்சி வித்துச் சேகரிப்புக்கு எந்த டி.என்.ஏ. மார்க்கர்?

கொழும்பில் பட்டப்படிப்பு ஆய்வுக்குப் போஞ்சியை எடுப்பவர்கள் பெரும்பாலும் மார்க்கர் தெரிவில்தான், அதாவது வித்துகளின் மரபு வேறுபாட்டை எந்த டி.என்.ஏ. அடையாளத்தால் பார்ப்பது என்பதில்தான், தடுமாறுகிறார்கள். கன்னொறுவை மரபணு வங்கியிலிருந்தும் வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வித்துச் சேர்த்தாயிற்று. இனி ஆர்.ஏ.பி.டி.யா, எஸ்.எஸ்.ஆரா, எஸ்.என்.பி.யா? சிறிய ஆய்வுகூடமென்றால் என் வாக்கு எஸ்.எஸ்.ஆருக்கு.

எழுந்தமானமாக டி.என்.ஏ. துண்டுகளைப் பெருக்கி, ஜெல்லில் விழும் பட்டைகளை ஒப்பிடும் ஆர்.ஏ.பி.டி. மலிவு. பத்து டி.என்.ஏ. எழுத்து நீளமான பிரைமர் (பெருக்கலைத் தொடக்கும் குறுந்துண்டு), பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரம், துண்டுகளை நீளப்படி பிரிக்கும் அகரோஸ் ஜெல் இருந்தால் போதும். பயிரின் மரபுத்தொடர் எதுவும் முன்கூட்டித் தெரிய வேண்டாம். 1990இல் அது பெரிய விஷயம். கலப்புநிலையை (ஒரு செடியில் ஒரே இடத்துக்கு இரு வேறு வடிவங்கள் இருப்பதை) காட்டாது என்று பாடப்புத்தகங்கள் குறை சொல்லும். போஞ்சி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் அதில் நட்டம் கொஞ்சம்தான். உண்மையான தொல்லை வேறு. பி.சி.ஆர். நொதியத்தை மாற்றினாலோ வெப்பநிலை சற்று நகர்ந்தாலோ பட்டைகள் மாறிவிடும். கொழும்பில் எடுத்த ஜெல்லைப் பேராதனையில் எடுத்ததோடு ஒப்பிடுவது வீண் வேலை. டி.என்.ஏ.யை முதலில் வெட்டிப் பின் பெருக்கும் ஏ.எப்.எல்.பி. முறை இதைவிட நிலையானது, ஆனால் வேலை அதிகம். இன்று புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்லமாட்டேன்.

எஸ்.எஸ்.ஆர். என்பது சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடம்; எத்தனை தடவை என்பது மாறுவதால் ஒரே இடத்துக்குப் பல வடிவங்கள் கிடைக்கும். போஞ்சிக்கான பிரைமர்கள் ஏற்கெனவே வெளியாகியிருக்கின்றன. நாட்டு வகை வித்துப் பொதியில் இரண்டு மூன்று வகை கலந்து கிடப்பது சாதாரணம். ஒவ்வொரு வித்தாக முளைக்கவிட்டுப் பார்த்தால் அந்தக் கலப்பு தெரிந்துவிடும். அப்புறம் அளவுப் பிரச்சினை: இரண்டு எழுத்து வித்தியாசத்தைச் சாதாரண அகரோஸ் பிரித்துக் காட்டாது. பொலிஅக்ரிலமைட் ஜெல் அல்லது நுண்குழாயில் பிரிக்கும் கேப்பிலரி இயந்திரம் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் போஞ்சியின் இரு பெரும் மரபுக் குழுக்களில் அன்டீஸ் குழுவுக்கு ஜி19833, மெசோஅமெரிக்கக் குழுவுக்கு பி.ஏ.டி.93 என ஒப்பீட்டு வகைகளை வைத்தால்தான் பிறர் தரவோடு சேர்க்கலாம்.

எஸ்.என்.பி. என்பது ஒரே ஓர் எழுத்து வேறுபடும் இடம். அதற்கு 2014இல் வெளியான ஜி19833 மரபுத்தொகுதி அடித்தளம்: 11 நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 58.7 கோடி எழுத்துகளில் 47.3 கோடி. பெரும்பாலும் ஓரிடத்துக்கு இரண்டே வடிவங்கள், ஆகவே ஒரு மார்க்கர் எவ்வளவு வேறுபாட்டைக் காட்டும் என்பதைச் சொல்லும் பி.ஐ.சி. மதிப்பு 0.375ஐத் தாண்டாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆனால் யார் எங்கே பார்த்தாலும் ஏ என்ற எழுத்து ஏதான், ஜி ஜிதான். முன்பே தெரிந்தெடுத்த புள்ளிகளை மட்டும் படிக்கும் சிப்பில் ஒரு பொறி உண்டு. எந்த வகைகளைப் பார்த்துப் புள்ளிகளைத் தெரிந்தார்களோ, அவற்றுக்கு வெளியேயுள்ள பன்மை குறைவாகத் தெரியும். நேரடி வரிசைப்படுத்தலில் அந்தச் சாய்வு குறைவு; பதிலாகத் தரவில் ஓட்டைகள், கூடவே கணினி வேலை தெரிந்த ஆள் தேவை.

ஒன்று சொல்லவேண்டும். அன்டீஸ், மெசோஅமெரிக்கா என்ற இரு பெரும் குழுக்களையும் எந்த மார்க்கரும் பிரித்துவிடும். பேசியோலின் என்ற வித்துப் புரதமே 1980களில் காட்டிவிட்டது. "இரண்டு குழுக்கள் கிடைத்தன" என்பதோடு முடியும் ஆய்வுக்கு எஸ்.என்.பி. செலவு வேண்டாம். குழுவுக்குள்ளே எவை இரட்டை மாதிரிகள், எவை உண்மையில் தனித்தவை என்பதே கேள்வியானால், சில பத்து மாதிரிகளுக்கு 11 நிறமூர்த்தங்களிலும் பரவிய இருபது, முப்பது எஸ்.எஸ்.ஆர். போதும். மாதிரிகள் நூறைத் தாண்டிப் போனால் 96 குழித் தட்டில் டி.என்.ஏ.யை நிரப்பி எஸ்.என்.பி. சேவைக்கு அனுப்புவதுதான் மாதிரிக்கணக்கில் மலிவாக முடியும்.