‘ட்ராமா கவுன்சலர்’ கோர்ஸில் சேரப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

என்னிடம் ஒரு சான்றிதழ் இருக்கிறது. தங்க நிற ஓரம், மூன்று முத்திரை, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. விலை 18,500 ரூபாய்.

நான் பி.காம். எங்கள் மகளிர் குழுவில் அடிபட்டு வரும் பெண்களோடு காவல் நிலையம், ஆஸ்பத்திரி என்று போய்ப் பழக்கம். இதையே முறையாகக் கற்றுக்கொண்டால் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசு நடத்தும் சகி மையத்தில் வேலைக்கு முயலலாமே என்று நினைத்திருந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் வந்தது: ‘ஆறு வார இறுதிகளில் ட்ராமா கவுன்சலர். மத்திய அரசு பதிவு பெற்றது. வேலை உறுதி.’ ட்ராமா கவுன்சலர் என்றால் மன அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு ஆலோசனை சொல்பவர். திருச்சியில் ஒரு செல்போன் கடை மாடியில் வகுப்பு. போனில் பேசிய பெண், “இன்னும் ரெண்டு சீட்தான் மேடம்” என்றார். அன்றைக்கே ஜிபே செய்துவிட்டேன். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல்தான் வந்தது.

மத்திய அரசு பதிவு என்றது உத்யம் பதிவு. அது சிறுதொழில் பதிவு. மாவு மில்லுக்கும் எடுக்கலாம், இணையத்தில் இலவசம். இன்னொரு முத்திரை ஐ.எஸ்.ஓ. 9001. ஒரு நிறுவனம் தன் வேலையை எப்படி நிர்வகிக்கிறது என்பதற்கான தரச்சான்று அது. பாடத்துக்கான அங்கீகாரம் இல்லை. மூன்றாவது முத்திரை என்னவென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பணம் போனதைக்கூட விடுங்கள். மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்களை வட்டமாக உட்கார வைத்து, “உங்கள் வாழ்க்கையில் மிக மோசமான நாளைச் சொல்லுங்கள், உள்ளே இருப்பது வெளியே வந்தால்தான் ஆறும்” என்றார் பயிற்சியாளர். ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், வேண்டாம் சார் என்று இரண்டு முறை சொன்னாள். அவர் விடவில்லை. அவள் பாதி சொல்லும்போதே கை விரல்கள் விறைத்துக்கொண்டன, மூச்சு ஏறியது. அவர் எங்களைப் பார்த்து, “பாருங்கள், இதுதான் ரிலீஸ்” என்றார். நான் தண்ணீர் பாட்டிலோடு எழுந்தபோது, “குறுக்கிடாதீர்கள்” என்று அதட்டல். நானும் உட்கார்ந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டைப் பிறகுதான் படித்தேன். பார், கேள், உதவியோடு இணை: மூன்றே படிகள். நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இத்தனைக்கும் அது இலவசமாகக் கிடைக்கும் கையேடு.

அதைவிட ஆபத்தான பாடம் ஐந்தாவது வாரம். குழந்தைக்குப் பாலியல் தொல்லை என்று தெரிந்தால் முதலில் இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேச வேண்டுமாம், போலீஸ் கடைசியாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012இல். அதன் 19ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பயிற்சியாளர் சொன்னபடி நடந்திருந்தால் குழந்தையும் மாட்டியிருக்கும், நாங்களும் மாட்டியிருப்போம். இதை எதிர்த்துக் கேட்ட ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மாவை அடுத்த வாரம் வகுப்பில் காணோம்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு சகி மையத்தில் விசாரித்தேன். அங்கிருந்த அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, “எம்.எஸ்.டபிள்யூ. இல்லேன்னா சைக்காலஜி படிச்சிருக்கியாம்மா?” என்று மட்டும் கேட்டார். எம்.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப் பணி முதுகலைப் படிப்பு. தாளை மடிக்காமல் அப்படியே திருப்பித் தந்தார்.

சேருவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியவை இவை. சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் என்ன? நேரடிக் களப் பயிற்சி எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை? வகுப்பில் யாருக்காவது மனசு உடைந்தால் கூட யார் இருப்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறினாலே கிளம்பி வந்துவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். இழுத்தடித்து 7,000 ரூபாய் திரும்பி வந்தது. மிச்சம் ‘ஸ்டடி மெட்டீரியல்’ கணக்கில் கழிந்ததாம். அது 42 பக்க ஜெராக்ஸ்.

போன வாரம் அடுத்த பேட்ச் போஸ்டர் வந்தது. ‘எங்கள் வெற்றியாளர்கள்’ வரிசையில் சான்றிதழைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான்.