படுக்கத் தெரியாத ராஜாவும் ஒரு கல்யாண ஆல்பமும்

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளில் ராஜா பொம்மையைப் படுக்க வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் உருண்டையாக, கனமாக இருப்பதால் கையை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். ராத்திரி பத்து மணிக்கு என் தம்பி மகளும் அப்படித்தான். அவளுக்காக, ஊரே தூங்கிய பிறகும் படுக்கத் தெரியாத ஒரு ராஜாவின் கதையை எழுதினேன். எனக்குப் படம் வரைய வராது, அதனால் போட்டோ. அவற்றைப் புத்தகமாக்கித் தந்தது கல்யாண ஆல்பம் போடும் ஒரு லேப். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். கரிஷ்மா ஆல்பம், அதாவது டிசைன் செய்த படங்களைத் தடித்த ஷீட்டில் அச்சடித்துத் தரும் கல்யாண ஆல்பம், போடும் எந்த ஊர் லேபிலும் ஏறக்குறைய இதே சரக்குதான் கிடைக்கும்.

முதலில் ஆன்லைனில் போட்டோபுக் அடித்துத் தரும் ஒரு கம்பெனியில் கொடுத்திருந்தேன். நிறம் பரவாயில்லை. ஆனால் பசை பைண்டிங். இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தில் நடுவில் இருந்த ராஜாவின் மூக்கும் பாதி மீசையும் பைண்டிங்குக்குள் போய்விட்டன. "மீதி மூஞ்சி எங்க அத்த?" என்று அவள் பிளந்து பார்த்ததில் தாள் கையோடு வந்துவிட்டது.

ஆல்பத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு ஷீட்டையும் நடுவில் மடித்து, முதுகோடு முதுகு ஒட்டுகிறார்கள். விரித்தால் பாய் மாதிரி தட்டையாகக் கிடக்கும், படம் நடுவில் எதையும் இழக்காது. கிழியாத ஷீட் என்று கேட்டு வாங்கினால் குழந்தை இழுத்தாலும் தாங்கும். பால் சிந்தினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கல்யாண வீட்டுக்காரர்களுக்காகச் செய்த ஏற்பாடு நான்கு வயதுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது என்பது என் கட்சி.

தாள் விஷயத்தில் மட்டும் லேபின் பேச்சைக் கேட்காதீர்கள். பளபளப்பான கிளாஸியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். கடையின் டியூப்லைட்டில் அது அழகுதான். ஆனால் இந்தப் புத்தகத்தைப் படிக்கப் போவது தலைமாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு. பக்கத்தைச் சாய்க்கும்போதெல்லாம் பல்பு ராஜாவின் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பளபளப்பில்லாத மேட் வாங்குங்கள். வெல்வெட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், தடவ சுகமாக இருக்கிறது. நான் எடுத்தது அதுதான்.

வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ராத்திரிக் கதை என்பதால் படங்களை இருட்டாக எடுக்கத் தோன்றும். போனில் பார்க்கும்போது அந்த இருட்டு அருமையாக இருக்கும், ஏனென்றால் திரைக்குச் சொந்த ஒளி உண்டு. தாளுக்கு விழுகிற வெளிச்சம்தான் கதி. போனில் கருநீலமாகத் தெரிந்த மூலை தாளில் வெறும் கறுப்பாகிவிடும், விடிவிளக்கில் பார்த்தால் படமே இருக்காது. நான் எல்லாப் படங்களையும் பகலில், சன்னலோரத்தில் எடுத்து, பிறகு நிறத்தை மட்டும் நீலத்துக்கு நகர்த்தினேன். சினிமாவில் பகலில் எடுத்து ராத்திரி என்று காட்டுவார்களே, அதே வித்தைதான். பொம்மையின் பெயின்ட் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் என்பதால் பிளாஷ் கூடாது. சன்னலுக்குக் குறுக்கே அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டியதும் வெளிச்சம் இதமாகப் பரவியது. ராஜா கொட்டாவி விடும் பக்கத்துக்கு ஷட்டரைக் கால் விநாடிக்கு வைத்து, தலையைத் தட்டிவிட்டு எடுத்தேன். முகம் லேசாகக் கலங்கி, நிஜமாகவே தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்.

போட்டோவின் லாபம் என்னவென்றால், படத்தில் இருக்கும் ராஜா காலையில் அலமாரியிலும் இருப்பார், தட்டினால் ஆடுவார். 1930ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற பெரிய புகைப்படக்காரர், தம் மகள் மேரியோடு சேர்ந்து, கைக்குழந்தைகளுக்காக வீட்டுச் சாமான்களின் படங்களை மட்டும் வைத்து, வார்த்தையே இல்லாமல் ஒரு புத்தகம் போட்டார். ஆகவே இது புது யோசனை ஒன்றும் இல்லை.

இனி லேபின் டிசைனர் தம்பி. நல்ல பிள்ளை, வேகமான கை, ஆனால் சும்மா விடமாட்டார். முதலில் அனுப்பிய மாதிரியில் ராஜாவின் மூக்கில் பெயின்ட் உரிந்த இடம் மறைந்து, கன்னம் சிவந்து மாப்பிள்ளையாகியிருந்தார். பின்னால் நிலா, மேகம், மூலையில் ரோஜாப்பூ. "பிளெயினா இருந்துச்சு மேடம், அதான்" என்றார். அந்த உரிந்த மூக்கை வைத்துத்தான் அவள் அவரை அடையாளம் கண்டுகொள்கிறாள் என்று விளக்கி எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் எடுத்தார், அதற்கு நன்றி.

எழுத்தில்தான் உண்மையான சிக்கல். நான் யூனிகோடில் கொடுத்ததை அவர் போட்டோஷாப்பில் ஒட்டினார். அங்கே நம் எழுத்துகளுக்கான லேஅவுட் அமைப்பை மாற்றாததால் 'கொட்டாவி'யின் கொம்பு இடம் மாறி நின்றது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் திரும்ப அடித்துத் தருகிறேன் என்றார். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வரியையும் மறுபடி பிழை பார்க்க வேண்டும். நானே எழுத்தையும் சேர்த்துப் பக்கங்களை ஜேபெக் ஆக்கி பென் டிரைவில் கொடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும். 12 மெகாபிக்சல் போன் படத்தைச் சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 3000 பிக்சல் கிடைக்கும். 10 அங்குலப் பக்கத்தில் அது 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, போதுமான தெளிவு.

குறைகள்? கனம்தான் முதல் குறை. மல்லாந்து படுத்துக்கொண்டு தூக்கிப் பிடித்துப் படிக்க முடியாது, மடியில்தான் வைக்க வேண்டும். ஷீட்டின் முனைகள் கூர்மையாக இருக்கும். ரவுண்டு கட்டிங் கேளுங்கள், மெஷின் வைத்திருக்கிறார்கள். அட்டையில் எழுத்து தங்க நிறத்தில்தான் வரும் என்று சாதித்துவிட்டார்கள். ராஜா என்பதால் விட்டுவிட்டேன். புத்தகம் வந்த பெட்டியோ மெரூன் வெல்வெட், பித்தளைக் கொக்கி, மேலே இரண்டு இதயங்கள். அதில் இப்போது கிரேயான் இருக்கிறது.

10 ஷீட், அதாவது 20 பக்கம், பெட்டியோடு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. கடையில் வாங்கும் கதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் அதிகம்தான். இரண்டாவது பிரதிக்கு டிசைன் காசு கிடையாது, பெட்டி வேண்டாம் என்றால் இன்னும் குறையும். இரண்டையும் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.