400 பேரிடம் கேட்டார்கள், சரி. எந்த 400 பேர்?

மதுரை செல்லூரில் எங்கள் தெருப் பள்ளிக்கு எதிரே இருக்கிற பெட்டிக்கடையின் சிகரெட் பலகை பற்றி மனு எழுதப் போனோம். "மக்கள் கருத்தையும் சேர்த்தால் மனு கனமாக இருக்கும்" என்றார் குடியிருப்போர் சங்கத் தலைவர். கருத்துக்கணிப்பு எடுத்துத் தரும் ஓர் உள்ளூர் நிறுவனத்தைப் பிடித்தோம். 400 பேர், தாளுக்கு 50 ரூபாய்.

சொன்ன தேதிக்கு அறிக்கை வந்துவிட்டது. வழவழப்பான தாள், வண்ண வட்டங்கள். விளம்பரத்தை ஒழிக்க வேண்டும் என்று ஏறக்குறைய எல்லோருமே சொல்லியிருந்தார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? நிரப்பிய தாள்களைக் கேட்டேன். முகம் சுளிக்காமல் கட்டோடு கொடுத்தார்கள். அதற்கு ஒரு சபாஷ்.

முதல் கேள்வியே, "குழந்தைகளைக் கெடுக்கும் புகையிலை விளம்பரங்களைத் தடை செய்ய வேண்டும்தானே?" வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே பெரும்பாலான விளம்பரங்களைத் தடுத்துவிட்டது. மிச்சம் விட்டது கடை வாசல் பலகையைப் போன்ற சிலவற்றைத்தான். அந்தப் பலகை பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

கணிப்பு நடந்த ஒரு மாலை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். பருத்திப்பால் வண்டியருகே நின்ற ஒரு பாட்டியிடம், "புகையிலை விளம்பரம் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் கல்லூரித் தம்பி. "பார்க்காமல் என்னப்பா, சினிமாவுக்கு முன்னால் போடுகிறார்களே! பயமாக இருக்கும்" என்றார் பாட்டி. தம்பி 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். எச்சரிக்கைப் படமும் விளம்பரக் கணக்கில் ஏறிவிட்டது.

400 பேர் என்பதால் பிழை 5 விழுக்காடுதான் என்று அறிக்கையில் ஒரு பெருமை வேறு. சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தால் அந்தக் கணக்கு சரி. ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நிற்பவரை எந்தக் கணக்கில் செல்லூர்க்காரர் ஆக்குவது? 2016-17இல் நாடு முழுவதும் 74,037 பேரிடம் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில் வீடுகளைச் சீட்டுக் குலுக்குவது போல எடுத்தார்கள். வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதையும் வாசலில் தென்பட்டவரை வைத்து முடிவு செய்யவில்லை, கையிலிருந்த கருவி சொன்னது. தமிழ்நாட்டில் 20 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று அது சொன்னால் நம்பலாம்.

அலைந்த அலைச்சலுக்கும் நேரம் தவறாமைக்கும் எங்கள் உள்ளூர் நிறுவனத்துக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம். இவர்களிடம் போகிறவர்கள் கேள்வித்தாளைச் சொந்தமாக எழுதி, தெருப் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.

மனுவில் அறிக்கையைச் சேர்க்கவில்லை. தையல்கார நண்பரின் நாடாவை வாங்கிப் போய்ப் பலகையை அளந்தேன். விதிப்படி 60 செ.மீ.க்கு 45 செ.மீ. வரைதான் இருக்கலாம். எங்கள் கடைப் பலகைக்கு நாடாவே போதவில்லை.