என் மின்னஞ்சலைப் படித்ததற்கும் அத்தையிடம் பில்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வயதான உறவினர் தனியாக இருந்தால், கார்டியன் விஷயத்தில், அதாவது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவரின் பணத்தையும் பராமரிப்பையும் கவனிக்க நீதிமன்றம் நியமிக்கும் ஆள் விஷயத்தில், அசட்டையாக இருந்துவிடாதீர்கள். நான் இருந்தேன்.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. கீழே விழுந்து மருத்துவமனையில் சேர்ந்தார், மறதியும் கூடிவிட்டது. வேறு மாநிலத்திலிருந்து நான் போய்ச் சேருவதற்குள் நீதிமன்றம் அவசரத் தற்காலிக கார்டியனை நியமித்துவிட்டது. 90 நாள்தானே என்றிருந்தேன். அப்புறம் அவரே நிரந்தரமானார்.

அரசிடம் பதிவு பெற்றவர், 40 மணி நேரப் பயிற்சி முடித்தவர், பின்னணிச் சோதனை ஆனவர் என்றார்கள். சரி, மேலே யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிவிட்டேன்.

முதல் 60 நாளுக்குள் கார்டியன் அத்தையின் சொத்துப் பட்டியலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். செய்தார். ஆனால் அது ரகசிய ஆவணம். அண்ணன் மகன் என்றாலும் நீதிபதியின் உத்தரவு இல்லாமல் பார்க்க முடியாது. வக்கீல் வைத்துத்தான் பார்த்தேன். 'வீட்டுச் சாமான்கள்' என்று ஒரே வரி. அத்தையின் நாலு வளையல் அந்த வரிக்குள் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்று இன்றுவரை தெரியாது.

தன் வேலைக்குக் கட்டணம் கேட்டு கார்டியன் நீதிமன்றத்தில் போட்ட மனுவைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. 'உறவினரின் மின்னஞ்சலைப் படித்தது: 0.2 மணி.' அதாவது 12 நிமிடம். நான் எழுதியிருந்தது ஒரே வரி: "காது மெஷினுக்கு பேட்டரி மாற்றினீர்களா?" பதில் வரவில்லை. பில் வந்தது, அத்தையின் பணத்திலிருந்து. பேட்டரியை அடுத்த முறை போனபோது நானே மாற்றினேன்.

நெவாடாவில் ஏப்ரல் பார்க்ஸ் என்ற கார்டியன் முதியவர்களைச் சுரண்டியதற்காக 2019-ல் 16 முதல் 40 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எங்கள் கேஸ் அந்த ரகம் இல்லை. ஒவ்வொரு தாளும் உரிய தேதியில் தாக்கலாகியிருக்கிறது, கூட்டல்கூட சரி. கேள்வி கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

நினைவு நன்றாக இருக்கும்போதே, தனக்கு யார் கார்டியனாக வேண்டும் என்று இரண்டு சாட்சிகள் முன் எழுதிக் கையெழுத்திட்டு நீதிமன்ற கிளர்க்கிடம் கொடுத்துவைக்க ஃபுளோரிடா சட்டம் இடம் தருகிறது. நினைவு தப்பினாலும் செல்லுபடியாகும் பவர் ஆஃப் அட்டர்னியும் எழுதியிருந்தால் பல வீடுகளில் கார்டியனே தேவைப்படாது. அத்தையிடம் இரண்டையும் நான் பேசவே இல்லை. சாவைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்குமே என்ற கூச்சம்.

மாநில முதியோர் துறையின் கீழ் கார்டியன்களுக்கென்று இருக்கும் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தப் புகாரைப் படித்ததற்கு கார்டியன் எத்தனை மணி போடுகிறார் என்று அடுத்த பில்லில் பார்க்க வேண்டும்.