மூன்றடி தொட்டி, ஐந்து வகை மீன், சண்டை இல்லை: சில வருஷ அனுபவம்

சென்னையில் போர் தண்ணீர் வரும் வீட்டில், மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கம்யூனிட்டி தொட்டி (பல வகை மீன்கள் ஒன்றாக இருக்கும் தொட்டி) சில வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குப்படி 190 லிட்டர், மணல், கல், மரக்கட்டை எல்லாம் போக 160 லிட்டர் நிற்கும். இப்போது உள்ளே இருப்பவை ட்வார்ஃப் நியான் ரெயின்போ எட்டு, செர்ரி பார்ப் பத்து, ஸ்டெர்பாய் கோரிடோரஸ் ஆறு, பேர்ல் கௌராமி ஒரு ஜோடி, அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு மோலி. கிழிந்த வால் இல்லை, மூலையில் ஒடுங்கி நிற்கும் மீன் இல்லை. எந்த மீனை எதோடு விடலாம் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனால் எந்த மீனைக் காட்டிக் கேட்டாலும் "ஒண்ணும் பண்ணாது சார், எல்லாத்தோடயும் போடலாம்" என்றுதான் பதில் வரும். கடைக்காரர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அங்கே தொட்டியில் இருப்பதெல்லாம் குட்டி, குட்டியாக இருக்கும்போது முக்கால்வாசி மீன் ஒன்றும் பண்ணாது. நாம் கேட்கிற கேள்விதான் பிரயோஜனம் இல்லாதது. சண்டை போடுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், எத்தனை சேர்ந்தால் ஒழுங்காக இருக்கும், நம் ஊர்ச் சூடும் நம் வீட்டுத் தண்ணீரும் அதற்கு ஒத்துவருமா என்று கேட்டால் பாதிப் பெயர்கள் தானாகவே விழுந்துவிடும்.

அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏஞ்சலும் நியான் டெட்ராவும் ஒரே தொட்டியில், பார்க்க அவ்வளவு அழகு. இரண்டுமே அமேசான் பக்கத்து மீன், அதனால் சேர்ந்து இருக்கும் என்று ஒரு நியாயமும் சொல்வார்கள். என் அத்தை மகன் வீட்டில் அப்படித்தான் இருந்தது, நாணயம் அளவு ஏஞ்சல்கள் நான்கு, நியான் ஒரு கூட்டம். ஏஞ்சல் 15 சென்டிமீட்டர் வரை வளரும், நியான் முழுசாக வளர்ந்தாலே 3, 4 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஏஞ்சல் வளர வளர நியான் குறைந்துகொண்டே வந்தது, செத்த மீன் ஒன்றுகூட மிதக்கவில்லை, ஃபில்டரைக் கழற்றித் தேடிக்கொண்டிருந்தான். ஏஞ்சலுக்குக் கோபமெல்லாம் கிடையாது, வாய்க்குள் போகிறதைச் சாப்பிட்டது, அவ்வளவுதான். மிச்சமிருந்த ஏஞ்சல்களில் ஒரு ஜோடி சேர்ந்து ஃபில்டர் குழாயில் முட்டை போட்டபிறகு நிலைமை இன்னும் மோசம், மற்ற எல்லா மீனையும் ஒரு ஓரத்தில் தள்ளி நிறுத்திவிட்டது.

சக்கர் மீனும் இதே கதைதான். இரண்டு இஞ்சில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் போகும், பாசி தின்னும் என்று வாங்கினால் பாசியைவிட அதிகமாகக் கழிவு போடும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நம் ஊர் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகி உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகியிருக்கிறது. சில்வர் ஷார்க்கும் ஒரு அடி வளரும், கூட்டமாக நீந்த வேண்டிய மீன், மூன்றடியில் அதற்கு வேலையே இல்லை. மஞ்சளாக ஆல்கே ஈட்டர் என்று ஒன்று விற்பார்கள், சின்னதில் பாசி தின்னும், வளர்ந்தபின் அகலமான மீன்களின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்ச ஆரம்பிக்கும். என் கௌராமி பக்கத்தில் அதை விட மாட்டேன்.

எண்ணிக்கை விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் ஜோடி ஜோடியாக வாங்கும் பழக்கம் நமக்கு. டைகர் பார்ப் ரௌடி என்று பெயர் வாங்கியதற்கு இதுதான் பாதிக் காரணம். இரண்டு மூன்று விட்டால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக்கொண்டே திரியும், பத்துப் பன்னிரண்டு விட்டால் துரத்தலை முக்கால்வாசி தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். அப்படியிருந்தும் கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் மாதிரி தோகை நீண்ட மீனோடு நான் விட மாட்டேன், அது வேறு விஷயம். என் செர்ரி பார்ப் அதே பார்ப் கூட்டம்தான், இலங்கையின் தென்மேற்கு ஓடைகளைச் சேர்ந்தது, குணத்தில் நேர் எதிர். ஆண்கள் ரத்தச் சிவப்பில் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வரும், யாரையும் தொடாது. ஐந்தாக இருந்தபோது செடிக்குப் பின்னாலேயே இருந்தவை பத்தானதும் நடுத்தொட்டிக்கு வந்தன. கூட்டம் சேர்ந்ததும் பயம் போய்விடுகிறது.

கோரி என்று சுருக்கிச் சொல்லும் கோரிடோரஸும் அப்படியே. ஒன்றே ஒன்று வாங்கிக் குப்பை பொறுக்க விடுவது அதற்குச் செய்யும் பாவம். குறைந்தது ஆறு வேண்டும், அடியில் கூர்மையான ஜல்லி இல்லாமல் மணல் வேண்டும், மணலில் மூஞ்சியைப் புதைத்துத் தேடுகிற மீன் அது. கூடவே அதற்கென்று தனிச் சாப்பாடும் வேண்டும். மேலே போடுகிற தீனியை ரெயின்போவும் மோலியும் அரை நிமிஷத்தில் காலி செய்துவிடும், அடிக்கு ஒன்றும் இறங்காது. விளக்கை அணைத்தபின் மூழ்கும் பெல்லட் தீனி போடுகிறேன். சண்டையே இல்லாத தொட்டியிலும் ஒரு மீன் பட்டினியால் சாகலாம், சேருமா சேராதா என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மோலியில் ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும், இல்லாவிட்டால் பெண்ணை நிம்மதியாக விடாது. குட்டி விஷயத்தில் ஆணே இல்லாமல் பெண் மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது, முன்பு ஆணோடு சேர்ந்தபோது கிடைத்த விந்தணுவை உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் குட்டி போடும். என் தொட்டியில் பெரும்பாலான குட்டிகளை மற்ற மீன்கள் சாப்பிட்டுவிடுகின்றன. கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் அது நடக்காவிட்டால் வீட்டில் மோலியைத் தவிர வேறு எதற்கும் இடம் இருக்காது.

இனி தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், கெட்டிலில் வெள்ளையாகப் படியும் ரகம். நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா இவையெல்லாம் மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள நீரைச் சேர்ந்தவை. ஆர்.ஓ கலந்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே வளர்க்கிறார்கள், எனக்கு வாராவாரம் தண்ணீர் கலக்கிற பொறுமை இல்லை. அதனால் குழாயில் வருவதற்கு ஏற்ற மீனைத் தேடினேன். மோலிக்குக் கடினத் தண்ணீர் கொண்டாட்டம், ரெயின்போவும் ஒன்றும் சொல்லாது. கோரி வகைகளில் ஸ்டெர்பாய் மற்றவற்றைவிட விலை கூடுதல், ஆனால் சூடு தாங்கும், மே மாசத்தில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை. கல் உப்பு விஷயமும் இதில் சேர்த்தி. எந்த வியாதிக்கும் ஒரு பிடி கல் உப்பு போடச் சொல்வார்கள், மோலி அதில் நீந்தி விளையாடும், கோரிக்கு அது ஆகாது. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷம் என்றால் அந்த இரண்டும் ஒரு தொட்டியில் இருப்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் மோலிக்கு உப்பு போடுவதே இல்லை, தேவைப்பட்டால் தனி டப்பாவில் வைத்துப் பார்க்கிறேன்.

கோல்டு ஃபிஷ்ஷை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கேட்காதவர் இல்லை. குளிர்ந்த தண்ணீர் மீன், அழுக்கு அதிகம், சின்ன மீன் கிடைத்தால் விழுங்கும், அதற்குத் தனித் தொட்டிதான்.

வெயில் காலம்தான் நிஜப் பரீட்சை. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, மற்ற மாசங்களில் தெரியாத நெருக்கடி ஏப்ரல், மேயில் துரத்தலாக வெளியே வரும். அதனால் மீன் எண்ணிக்கையை டிசம்பர் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மேல்மட்டத்தை நோக்கி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகி ஓரிரு டிகிரி இறங்கும், அவ்வப்போது தண்ணீர் சேர்க்க வேண்டும். கௌராமி மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் என்பதால் கரண்ட் போனால் அதைப் பற்றிக் கவலையில்லை, கவலையெல்லாம் ரெயின்போவைப் பற்றித்தான். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். ரெயின்போ துள்ளும், மூடி கட்டாயம், ஆனால் கௌராமிக்காக மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும்.

விடும் வரிசையும் முக்கியம். பயந்த மீன் முதலில், இடம் பிடிக்கிற மீன் கடைசியில். கௌராமி ஜோடியை எல்லோருக்கும் பிறகு, கல்லையும் கட்டையையும் இடம் மாற்றிவிட்டுத்தான் விட்டேன். ஆண் முட்டைக்காக நுரைக்கூடு கட்டும் நாட்களில் ஒரு மூலையை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளும், மற்றவை சுற்றிப் போய்விடுகின்றன, அதற்கு வாலிஸ்னேரியா செடி அடர்த்தியாக வளர்ந்து பார்வையை மறைப்பது ஒரு காரணம். புது மீன் எதுவானாலும் இரண்டு வாரம் தனியாக வைத்த பிறகுதான் உள்ளே, ஒரு மீன் கொண்டுவரும் வெள்ளைப்புள்ளி நோய் மொத்தத் தொட்டிக்கும் பரவும்.

ஆசை என்று பார்த்தால் மிஸ் கேரளாவின் மேல் இன்னும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன், குணம் தங்கம், கேட்ட கடையெல்லாம் கம்யூனிட்டி மீன் என்றே தந்தார்கள். ஆனால் அதுவும் 15 சென்டிமீட்டர் வரை போகும், கூட்டமாக வேண்டும், குளிர்ந்த ஓட்டமான தண்ணீர் வேண்டும், இயற்கையில் அழியும் நிலையில் உள்ள இனம் வேறு. மூன்றடியில், இந்த வெயிலில் முடியாது. இரண்டடி தொட்டி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை செர்ரி பார்ப் எட்டு, ஆண் கப்பி மட்டும் ஆறு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அடியில் இடம் காலியாகத் தெரிகிறதே என்று சக்கர் வாங்கப் போகாதீர்கள்.