கென்ட் கத்தி துலக்கி: பழம்பொருள் வாங்குபவர்களுக்கு ஒரு மதிப்புரை

வார்ப்பிரும்புக் கால்கள்மேல் நிமிர்த்தி வைத்த மரப் பறை. பக்கத்தில் சுற்றும் கைப்பிடி, மேல் விளிம்பில் வரிசையாகத் துளைகள். இங்கிலாந்து ஏலங்களில் இதைப் பார்த்து ஏதோ அரவை இயந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன் ஜார்ஜ் கென்ட் 1844-இல் காப்புரிமை பெற்ற கத்தி துலக்கி இது. 1900-களில் கிராமத்து மாளிகைகளின் பின்கட்டில் இதைச் சுற்றியது பெரும்பாலும் 'ஹால் பாய்', அதாவது வேலையாட்களில் கடைக்குட்டிப் பையன்.

அன்றைய சாப்பாட்டுக் கத்தி வெறும் எஃகு. வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதுபோல, வினிகரோ எலுமிச்சையோ பட்டால் இதுவும் கறுக்கும். (மீனுக்கு வெள்ளிக் கத்தி வைத்ததும் இதனால்தான்.) இந்த இயந்திரம் வருமுன்பெல்லாம் தோல் ஒட்டிய பலகையில் 'பாத் செங்கல்' (துலக்குவதற்கென்றே செய்த செங்கல்) பொடியைத் தூவி ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். விருந்துக்கு 12 பேர், ஆளுக்கு 3 கத்தி என்றாலே 36.

இயந்திரத்தில் பல கத்திகளைச் சேர்த்துச் செருகலாம். இறைச்சி வெட்டும் பெரிய கத்திக்குத் தனித் துளை. பொடி போடும் வாயில் எமரிப் பொடியை, ஓக்கி கம்பெனியின் 'வெலிங்டன்' டப்பா என்றால் நல்லது, கொஞ்சமாகப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் தூரிகைகளும் மெத்தைகளும் அலகின் இரு பக்கமும் தேய்க்கும். பறை அசையாது.

சுற்றுவது சுலபம். அதற்கு முந்தைய வேலையில்தான் தப்பு நடக்கும். அலகை மட்டும் ஜாடி வெந்நீரில் நிறுத்த வேண்டும். பிடி நனைந்தால் உள்ளே பிடித்திருக்கும் பிசின் இளகிக் கழன்றுவிடும், தந்தப் பிடி வெடிக்கும். பிறகு ஈரம் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். ஈரக் கத்தி ஒன்று உள்ளே போனாலும் பொடி கட்டியாகும், அடுத்த கத்திகள் துருப்பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே போனால் மெத்தையே வீண்.

என் கணக்கில் குறை இரண்டு. பிடியை ஒட்டிய தோள்பகுதிக்குத் தூரிகை சரியாக எட்டாது, அங்கே கறை நிற்கும். அதனால் பழைய தோல் பலகையைத் தூக்கிப் போட முடியாது. அலகையும் இது தின்கிறது: அந்தக் காலத்துக் கத்திகள் பல நுனி தேய்ந்து மெலிந்து கிடப்பதைப் பாருங்கள். துலக்கியபின் பிடியில் படிந்த பொடியைத் துடைப்பதும் பையன் தலையில்தான்.

வாங்குமுன் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். துளை வழியே டார்ச் அடித்து, தூரிகை மயிர் உதிர்ந்திருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் வெடிப்பு இருந்தால் பொடி கொட்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் அலங்காரத்துக்கு. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை வார்த்தபின் இதன் தேவை மெல்ல ஒழிந்தது. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் கத்தியை இதில் விட்டால் கீறல் விழும். வெள்ளி முலாம் பூசியதை விட்டால் முலாமே போய்விடும்.